கத்தி யார் கையில் இருந்தது என்று கேட்டவள்

செய்தி வந்தபோது நான் எண்ணூர் நெடுஞ்சாலையில், இரண்டு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஓர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் சேம்பர் குமாஸ்தா போனில் பேசினார். "மேடம், மரகதம் மேடம் தவறிட்டாங்க. கோர்ட்டுக்குக் கிளம்பி, செருப்பு மாட்ட உக்காந்தவங்க எழுந்திரிக்கவே இல்லியாம்" என்றார். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, கோபம். அடுத்த வாரம் வேலுவின் வழக்கு இருந்தது. அதை முடிக்காமல் இவள் எப்படிப் போகலாம் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். ஆட்டோக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். லாரிகள் நகர்வதாக இல்லை. இறங்கி வெயிலில் நடக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இதை எழுத உட்கார்ந்தபோது மரியாதைக்காக 'அவர்' என்றுதான் தொடங்கினேன். ஒரு பக்கம் போவதற்குள் அடித்துவிட்டேன். நான் அவளை 'அவர்' என்று எழுதினால், "இன்னாமே, எனக்கு மருவாதி எல்லாம் தர்ற, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டிருப்பாள். ஆகவே நமது வழக்கறிஞர் சங்கத்து நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவள் எனக்கு அவள்தான்.

நாங்கள் இருவரும் ராயபுரத்தில், விசைப்படகு எஞ்சினுக்கு உதிரி பாகம் விற்கும் கடைக்கு மேலே, ஒரே அறையில் எதிரெதிர் மேசை போட்டுக்கொண்டு தொழில் செய்தோம். எனக்கு விபத்து வழக்குகள், அவளுக்குக் கிரிமினல். "நீ லாரிக்கு அடியில வுயுந்தவனுக்குப் பாரு, நான் லாரி மேல ஏறினவனுக்குப் பாக்கறேன்" என்பாள். கீழே யாராவது எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் எங்கள் மேசைகள் அதிரும். அந்தச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசியே அவளுக்குக் கோர்ட்டில் மைக் தேவைப்படாத தொண்டை வந்துவிட்டது.

வியாசர்பாடி குடியிருப்பில் அவள் வீட்டு வாசலில் அன்று கூட்டம் தாங்கவில்லை. உள்ளே புத்தர் படத்துக்கு முன் மெழுகுவர்த்தி எரிந்தது. பௌத்த முறைப்படி பெரியவர் ஒருவர் சரணம் சொல்ல, மற்றவர்கள் கூடச் சொன்னார்கள். கறுப்புக் கோட்டுகளோடு நாம் ஒரு பக்கம் நின்றோம். முகத்துவாரக்குப்பத்திலிருந்து மீன்காரப் பெண்கள் வியாபாரத்தைப் பாதியில் விட்டு வேன் பிடித்து வந்திருந்தார்கள். அவர்களோடு வேலுவின் அம்மாவும் இருந்தாள். அந்தக் கூட்டத்தில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், எல்லாரையும்விடப் பெரிய ரோஜா மாலையோடு ஒருவன் வந்தான். பெயர் சீனு. மாலையை அவள் காலடியில் வைத்தான், கைகட்டி நின்றான், பாடை தூக்கும்வரை போகவில்லை. என் பக்கத்தில் வந்து, "மேடமாண்ட நெறைய கத்துக்கினேன்க்கா" என்றான். கேட்டவர்கள் நல்ல பையன் என்று நினைத்திருப்பார்கள். நான் ஓர் அடி விலகி நின்றேன். ஏன் என்று சொல்வதற்கு, மரகதம் எப்படி வழக்கு நடத்தினாள் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

கொள்ளை வழக்கு என்றால் நம்மில் பலர் ஒரே கேள்வியோடு போவோம்: இவன் செய்தானா, இல்லையா. மரகதத்துக்கு அந்தக் கேள்வி பாதிதான். "செஞ்சானான்னு எல்லாருமே கேப்பாங்க. எவ்ளோ செஞ்சான்னு எவனும் கேக்கறதில்ல. பையன் உள்ள அயுவுறது அந்த ரெண்டாவது கேள்வியில" என்பாள். அவள் சொன்னது சட்டத்தின் கணக்கு. வெறும் வழிப்பறி என்றால் நீதிபதி குற்றவாளியின் வயசைப் பார்க்கலாம், குடும்பத்தைப் பார்க்கலாம், ஓராண்டோ இரண்டாண்டோ கொடுத்து அனுப்பலாம். நெடுஞ்சாலையில் இருட்டிய பிறகு செய்தால் மேல் வரம்பு ஏறும். காயம் பட்டால் இன்னும் ஏறும். பழைய தண்டனை ஒன்று இருந்தால் அதுவும் முதுகில் ஏறிக்கொள்ளும். ஆனால் கொல்லக்கூடிய ஆயுதத்தைப் பயன்படுத்திக் கொள்ளையடித்தான் என்று ஆகிவிட்டால், ஏழு ஆண்டுக்குக் குறையாமல் கொடுத்தே ஆக வேண்டும். பழைய சட்டத்தில் அந்தப் பிரிவை 397 என்றோம், புதிய சட்டத்தில் 311 என்கிறோம். எண் மாறியது, ஏழு மாறவில்லை. அந்த இடத்தில் நீதிபதியின் இரக்கத்துக்கும் வேலை இல்லை. "ஏயுக்குக் கீய படிக்கட்டே கிடையாது. தவறி வுயுந்தா நேரா தரைதான்" என்று கட்சிக்காரர்களுக்கு விளக்குவாள்.

எனக்கு நினைவிருக்கும் வழக்கு ஒன்று. எர்ணாவூரில் ஒரு பைனான்ஸ் வசூல்காரரை மறித்துப் பையைப் பறித்துவிட்டார்கள். பறித்தவன் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. போலீஸ் ஒரு கத்தியைக் கொண்டுவந்து வைத்தது. மரகதம் குறுக்கு விசாரணைக்கு எழுந்தாள். கொள்ளையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "பேப்பருக்குள்ளே என்ன இருந்தது என்று நீங்கள் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டாள். அந்த மனிதர் நேர்மையானவர். பார்க்கவில்லை, கத்தி என்று நினைத்துக்கொண்டேன் என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆயுதப் பிரிவு நிற்கவில்லை, பையனுக்கு இரண்டு ஆண்டோடு போயிற்று. அவன் நெடுஞ்சாண்கிடையாக விழப் போனான். "கால்ல எல்லாம் வுயாத. பறிச்சது நீதானே? போயி ரெண்டு வருசம் ஒயுங்கா இருந்துட்டு வா" என்று விரட்டினாள். வாசலில் நின்ற அந்த வசூல்காரரிடம் போய் அவளே மன்னிப்பும் கேட்டாள். குற்றவாளி தப்பிக்க வேண்டும் என்று அவள் ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. செய்ததற்கு மேல் ஒரு பிடி மண் அவன்மேல் விழக்கூடாது, அவ்வளவுதான்.

வேலுவின் வழக்கு அவளிடம் வந்தபோது, இதுவும் அப்படிப்பட்ட ஒன்று என்றுதான் இருவரும் நினைத்தோம். துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கண்டெய்னர் வரிசையில், பட்டப்பகலில், ஒரு லாரியின் கேபினுக்குள் இரண்டு பேர் ஏறியிருக்கிறார்கள். நெல்லூர்ப் பக்கத்து ஓட்டுநர். கழுத்தில் ஜில்லென்று இரும்பு பட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். செல்போனும் பர்ஸும் போயின. சத்தம் கேட்டுப் பின்னால் நின்ற லாரிக்காரர்கள் ஓடி வந்து இரண்டு பேரையும் பிடித்தார்கள். ஒருவன் சீனு. இன்னொருவன் அவன் தோஸ்து வேலு, முகத்துவாரக்குப்பத்தில் மாமன் காத்தவராயனின் பைபர் படகில் கடலுக்குப் போகிறவன், இருபதுகளில் இருந்தான். அன்று மதியமே இரண்டு பேரும் நன்றாகக் குடித்திருந்தார்கள். கத்தி வேலுவின் இடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. கைப்பிடியில் பச்சை வலைக்கயிறு சுற்றிய சின்னக் கத்தி.

கடலுக்குப் போகிற ஆட்கள் இடுப்புக் கயிற்றில் அப்படி ஒரு கத்தி செருகியிருப்பார்கள். வலை இறங்கும்போது கயிறு காலைச் சுற்றினால் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். அறுத்துவிட நேரம் கிடைக்காது. கரைக்கு வந்தாலும் அதைக் கழற்றி வைக்க மாட்டார்கள். டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும்கூடச் சட்டைக்கு அடியில் அது இருக்கும். ஆனால் குற்றப்பத்திரிகையில் அது கொலைக் கருவி.

இரண்டு பேரும் கொள்ளையடித்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. மரகதம் அதை மறுக்கவும் இல்லை. அவள் பிடித்தது வேறு இடம். ஆயுதத்துக்கான ஏழாண்டு, கூட வந்தவர்கள் எல்லார்மேலும் விழாது. எந்தக் கை அந்த ஆயுதத்தைப் பயன்படுத்தியதோ, அந்த ஆள்மேல் மட்டுமே விழும். கூட்டாளி என்பதற்காக அதை நீட்ட முடியாது. ஓட்டுநரோ கண்ணை மூடிக்கொண்டவர். கத்தி எந்தக் கையில் இருந்தது என்று அவராலே சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாதபோது ஏழு யார்மேலும் விழக்கூடாது. இதை அவள் கோர்ட் அறையில் நிதானமாக, ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தாள். நான் என் வழக்குக்காகப் போயிருந்தவள், வெளியே போக மனமில்லாமல் உட்கார்ந்து கேட்டேன். சீனுவுக்கு ஆஜரான வழக்கறிஞர் எழுந்து, "எனக்கும் அதே வாதம்தான், ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குற்றவாளிக் கூண்டில் வேலு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சீனு மட்டும் மரகதத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். படிக்கிற பிள்ளை வகுப்பில் அப்படி உட்கார்ந்திருந்தால் ஆசிரியருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அந்த வாதம் நடப்பதற்கு முன்பே வழக்கு கெட்டுப் போயிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாட்சிகள் முடிந்ததும், உனக்கு எதிராக இன்னின்னது சொல்லியிருக்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரையே நேரில் கேட்பது நமக்குத் தெரிந்ததுதான். எதைக் கேட்டாலும் 'பொய்' என்று மட்டும் சொல் என்று மரகதம் வேலுவைத் தயார் செய்திருந்தாள். அவனும் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தான். கடைசியில் நீதிபதி, "இந்தக் கத்தி உன்னுடையது, உன் இடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது, இதைக் காட்டித்தான் ஓட்டுநரை மிரட்டினாய் என்று சாட்சியம் இருக்கிறது. என்ன சொல்கிறாய்?" என்று மூன்றையும் ஒன்றாக்கிக் கேட்டார். பின் பெஞ்சில் காத்தவராயனும் படகு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். வேலு தலையை நிமிர்த்தினான். முதல் முறையாக அவன் குரல் உரக்க வந்தது.

"கத்தி என்துதான் சார். அது என் இடுப்ப வுட்டு எவன் கைக்கும் போனதில்ல."

பின் பெஞ்சில் காத்தவராயன் மெல்லத் தலையசைத்தார். மரகதம் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள். ஓட்டுநரால் சொல்ல முடியாமல் போனதை அவன் தானாகவே நிரப்பிக் கொடுத்துவிட்டான். நீதிபதி மரகதத்தின் சட்ட வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார். ஆயுதம் ஏந்திய கைக்கு மட்டும்தான் ஏழு என்று தீர்ப்பில் எழுதினார். அந்தக் கை வேலுவின் கை என்றும் எழுதினார். வேலுவுக்கு ஏழு ஆண்டு, சீனுவுக்கு இரண்டு. போலீஸ் வேனில் ஏறும்போதுதான் வேலு அவளிடம் உண்மையைச் சொன்னான். "அவன்தான் என் இடுப்புலேருந்து உருவிட்டான் வக்கீலம்மா. உருவினதே எனக்குத் தெரியல. அவன் கைல பாத்தப்புறம்தான் இடுப்பத் தொட்டுப் பாத்தேன்." பிறகு ஏண்டா அப்படிச் சொன்னாய் என்று அவள் கத்தினாள். "மாமா இருந்தாரே" என்றான்.

எங்களுக்கு விளங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு முகத்துவாரக்குப்பம் போனாள். காத்தவராயன் வலையை உதறிக்கொண்டிருந்தார், எழுந்து வந்து நாற்காலி போடச் சொன்னார். மரகதம் சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவரும் சுற்றி வளைக்கவில்லை.

"இத்த பாரு வக்கீலம்மா. கடல்ல எனுக்குக் கால்ல கயிறு சுத்திகிச்சுன்னா, பக்கத்துல கீறவன்தான் அறுத்துவுடணும். அவன் இடுப்புலேருந்து கத்திய ஒருத்தன் உருவிகினு போறான், அவனுக்கு அதுகூடத் தெரியலன்னா, அவன நம்பி நான் எப்டி கயிறு புடிக்கறது? எங்க குப்பத்துல கத்திய வுட்டவன போட்டுல ஏத்த மாட்டோம். நான் மட்டும் சொல்றதில்ல, எல்லாருமே அப்டித்தான்."

"அவன் குடிச்சிருந்தான்பா. கரையில இருந்தான்."

"கரையில வுட்டவன் கடல்லயும் வுடுவான்."

அவர் கெட்டவர் இல்லை. சொன்னதில் நியாயமும் இருந்தது, அதுதான் கொடுமை. ஒரு கோர்ட்டின் முன்னால் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. வேலுவோ வேறொரு கோர்ட்டுக்குப் பதில் சொல்லிவிட்டான்.  

அப்பீல் அவளே போட்டாள். மூன்று கேள்வியை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டால், படிப்பில்லாத ஒருவன் எதற்குப் பதில் சொன்னான் என்று எப்படித் தெரியும் என்பதுதான் அவளுடைய பிடி. ஜாமீன் கிடைக்கவில்லை. காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் சீனு தண்டனையை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

வந்த கையோடு ஒரு நாள் எங்கள் அறைக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். எனக்கும் வணக்கம் வைத்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நல்ல மரியாதையோடு பேசினான். "மேடம், ஒரு டவுட்டு. கத்தி நம்புளுது இல்லன்னா, நம்ப இடுப்புலேருந்து எடுக்கவும் இல்லன்னா, ஏயு நமக்கு வராதுதானே?" என்றான். மரகதம் படித்துக்கொண்டிருந்த கட்டை மூடி வைத்தாள். "இல்ல, அன்னிக்கு நீங்க சொன்னது சரியாப் புரிஞ்சுதான்னு பாத்தேன்" என்று சிரித்தான். கீழே எஞ்சின் ஓடியது. அவன் படியிறங்கிப் போகும்வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அந்த ஸ்வீட் பாக்ஸைப் பிரிக்காமலே குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"சட்டத்த நான் ஜட்ஜுக்குச் சொன்னேன்மே. கத்துக்கினது அவன்" என்றாள்.

நீ சொல்லாவிட்டால் வேறொருவர் சொல்லியிருப்பார், அது ஒன்றும் ரகசியம் இல்லை என்றேன். அவள் கேட்கவில்லை. "இனிமே அவன் கத்தியே வாங்க மாட்டான் பாரு. எவன் இடுப்புல கீதுன்னு பாத்து அவனோட தோஸ்து புடிப்பான். இந்தக் கரையில யார் இடுப்புலதான் இல்ல?" என்றாள். ரவுடிகள் மிரட்டியபோதும், இன்ஸ்பெக்டர்கள் முறைத்தபோதும், "போய்யா பேஜாரு" என்று நடந்து போனவள் அவள். அந்த மதியம்தான் அவள் பயந்து நான் முதல் முறை பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பயம் அவளை விடவில்லை. மீன் வாங்கப் போன இடத்தில்கூட, சீனு யாரோடு நிற்கிறான் என்று விசாரிப்பாள். வள்ளூரில் ஒரு லாரிக்காரரிடம் பறித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், பிடிபட்டவன் எந்தக் குப்பம் என்றுதான் முதலில் கேட்பாள்.

அப்பீல் ஜெயித்தது. வேலுமேல் இருந்த ஆயுதப் பிரிவை உயர்நீதிமன்றம் ரத்து செய்து, கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுப் புதிதாகத் தீர்ப்பு எழுதும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. நான் லட்டு வாங்கி வந்தேன். அவள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு வைத்தாள். இப்போது எல்லாம் வேலுவின் வாயில் இருந்தது. கத்தி சீனு கையில் இருந்தது என்று அவன் சொன்னால் ஏழு போய்விடும், படகும் போய்விடும். மறுபடியும் குப்பத்துக் கௌரவத்தைப் பேசினால் படகு இருக்கும், ஏழு வருடம் கழித்து. அவள் காத்தவராயனிடம் மறுபடியும் மறுபடியும் போனாள், அவர் வீட்டு மீன் குழம்பைச் சாப்பிட்டாள், அவர் மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிபாரிசு செய்தாள், கெஞ்சினாள். கடைசியாக அவர் இறங்கி வந்தது இவ்வளவுதான்: "மெய்யச் சொல்லட்டும், நான் தடுக்கல. சொல்லிட்டுக் கரையில நிக்கட்டும்."

அன்று மாலை அவள் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஏயு வருசத்துலேருந்து அவன வெளிய இட்டாந்துடலாம்மே. இட்டாந்து எங்க வுடறது?" என்று கேட்டாள். நான் ஏதோ கம்பெனி காண்ட்ராக்ட் வேலை என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். அவள் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான். சில நாளில் அவள் போய்விட்டாள்.

வேலுவுக்கு வக்காலத்து நான் போட்டேன். கிரிமினல் வழக்கில் நான் கோட் போட்டு நின்று எத்தனையோ காலம் ஆகிறது. புழல் சிறைக்குப் போய், அவள் இறந்த செய்தியையும் நான்தான் சொன்னேன். அவன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிறு பிள்ளைபோல அழுதான். என்ன சொல்லப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

கோர்ட்டில் புதிய நீதிபதி ஒவ்வொன்றாகக் கேட்டார். கத்தி உன்னுடையதா என்றதற்கு ஆமாம் என்றான். உன் இடுப்பிலிருந்து எடுத்தார்களா என்றதற்கும் ஆமாம் என்றான். பின் பெஞ்சின் ஒரு கோடியில் காத்தவராயன், மறு கோடியில் சீனு. சம்பவத்தின்போது கத்தி யார் கையில் இருந்தது என்று நீதிபதி கேட்டார்.  நான் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சீனு கைல சார். உருவினது எனக்குத் தெரியல. டிரைவர் கத்தினப்பதான் பாத்தேன். அப்பால அவன் கீழ போட்டுட்டான், நான் எடுத்துச் சொருகிகினேன்."

காத்தவராயன் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வேலு திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அந்தக் காலடிச் சத்தத்தை அவன் கேட்டான். ஆயுதப் பிரிவு தள்ளுபடியானது. கொள்ளைக் குற்றம் மட்டும் நின்றது, இதுவரை சிறையில் இருந்ததே தண்டனை என்று தீர்ப்பானது. வராந்தாவில் சீனு எனக்காகக் காத்திருந்தான். "என் கேஸு முடிஞ்சு போச்சுல்லக்கா? அதுக்காவ என்னிய இனிமே புடிக்க முடியாதுல்ல?" என்றான். அவன் சொன்னது சரி. ஆயுதக் குற்றத்திலிருந்து அவனை முதல் தீர்ப்பே விடுவித்துவிட்டது, அரசு அதற்கு அப்பீல் போகவும் இல்லை. உண்மை வேலுவை விடுவித்ததே தவிர, உரியவன்மேல் போய் விழவில்லை.

இப்படி ஒரு வெற்றியைத்தான் மரகதம் எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவள் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பாள் என்று தீர்ப்பைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் சொன்னார்கள். மகிழ்ந்திருக்க மாட்டாள். வேலு இப்போது கொள்ளையில் தண்டனை பெற்றவன். அடுத்த தடவை என்று ஒன்று வந்தால், எந்த நீதிபதியும் முதல் தடவை பார்த்ததுபோல அவனைப் பார்க்கப் போவதில்லை. அவள் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பாள்.

விடுதலை நாளில் நான் சிறை வாசலுக்கு ஆட்டோ எடுத்துக்கொண்டு போனேன். வேலுவின் அம்மாவும் வந்திருந்தாள். காத்தவராயன் வரவில்லை. எதிர்ப் பக்கத்து மர நிழலில் பைக்கை நிறுத்திவிட்டுச் சீனு நின்றுகொண்டிருந்தான். வேலு வெளியே வந்தான், அம்மாவைக் கட்டிக்கொண்டான், என்னைக் கும்பிட்டான். "மாமா?" என்றான். அவன் அம்மா அவன் பையை வாங்கிக்கொண்டு ஆட்டோவைக் காட்டினாள். ஆட்டோவில் ஏறினான். எர்ணாவூர் வரைக்கும் அந்த பைக் எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. முந்தவும் இல்லை, விலகவும் இல்லை. வேலு ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். சீனு ஹாரன் அடித்துக் கையசைத்தான்.

இரங்கல் கூட்டத்தில் பேசிய நண்பர்கள் மரகதத்தின் துணிச்சலைச் சொன்னார்கள், ஞாபக சக்தியைச் சொன்னார்கள், தொண்டையைச் சொன்னார்கள். அவற்றையெல்லாம் நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், அவளிடம் எல்லாருக்கும் போதுமான அளவு இருந்தது. நான் அவளிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அவளுடைய பயத்தை. தினமும் காலையில் வேலுவின் அம்மாவுக்குப் போன் செய்து, அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்கிறேன். தூங்குகிறான், குளிக்கிறான், வலை பின்ன யாராவது கூப்பிடுவார்களா என்று போயிருக்கிறான் என்று சொல்வாள்.

இன்று காலையும் கேட்டேன். "வேலைக்குப் போயிகீறாம்மா. எந்த போட்டும் ஏத்தல. சீனுதான் பாவம், வந்து வண்டியில இட்டுகினு போச்சு" என்றாள். இடுப்பில் ஏதாவது செருகியிருந்தானா என்று கேட்டேன்.

"புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்தேன்மா" என்றாள். "வெறும் இடுப்போட எப்டி வுடறது?"